பிலிப் கிளாஸின் ‘சத்தியாகிரகம்’ இசை நாடகமும் தென்னாப்பிரிக்கத் தமிழரும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் பெக்கான் நானாஸ். மலாய் மொழியில் ‘அன்னாசி நகர்’ எனப் பொருள்படும் இப்பெயரே அவ்வூரின் பொருளியல் வரலாற்றைக் காட்டிவிடுகின்றது. ரப்பர்க் கன்றுகள் வளர்ந்து பால் தரும் வரை அவற்றின் இடைவெளியில் அன்னாசி பயிரிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் பரவலாக இருந்தது. இம்மாநிலத்தின் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர்.

அவ்வூரில் தமிழாசிரியர் சிலரோடு அமர்ந்து ஓர் இசை நாடகத்தின் இறுதிக் காட்சியை ஒலிப்பதிவில் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அது அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் இயற்றிய ‘சத்தியாகிரகம்’. அக்காட்சி 1913ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நியூகாசல் நகரிலிருந்து இந்தியத் தொழிலாளர் மேற்கொண்ட நடைப்பயணத்தைப் பொருளாகக் கொண்டது. பாடல் முடிந்ததும் மூத்த ஆசிரியர் ஒருவர், “நடக்கிறவர்கள் நம் மக்கள் என்கிறீர்கள், பாட்டில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லையே, ஐயா?” என வினவினார். அவ்வினாவுக்கு அன்று நம்மால் முழுமையான விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரையாகும்.

பிலிப் கிளாஸின் வாழ்க்கையையும் இசை நெறியையும் சுருக்கமாக அறிமுகப்படுத்துவதும், அந்நெறி உருவாவதில் இந்திய இசைக்குள்ள பங்கினைச் சுட்டுவதும், ‘சத்தியாகிரகம்’ சித்திரிக்கும் வரலாற்றில் தமிழர் பெற்ற இடத்தையும் மேடையில் அவர்கள் பெற்ற இடத்தையும் ஒப்பிட்டுக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. எளிமைநெறி இசை

மேலை நாட்டுச் செவ்வியல் இசையில் 1960களில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு போக்கினை ‘மினிமலிசம்’ என்பர். தமிழில் இதனை எளிமைநெறி எனலாம். மிகச் சில சுரங்களையும் மாறாத காலப்பிரமாணத்தையும் கொண்டு, ஒரு சிறு சொற்கட்டு போன்ற இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதில் நுண்ணிய மாற்றங்களைப் படிப்படியாகப் புகுத்துவது இந்நெறியின் அடிப்படையாகும். லா மாண்டே யங், டெரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் ஆகிய நால்வரும் இதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். 1935ஆம் ஆண்டுக்கும் 1937ஆம் ஆண்டுக்கும் இடையில் பிறந்த இந்நால்வரும் ஒரே தலைமுறையினர்.

இவர்கள் அனைவரும் ஐரோப்பிய மரபுக்கு வெளியே ஆசான்களைத் தேடினர் என்பது கருதத்தக்கது. யங்கும் ரைலியும் 1970 முதல் இந்துஸ்தானி இசைக் கலைஞர் பண்டிட் பிராண் நாத்திடம் பயின்றனர். ரைக் அதே ஆண்டில் கானா நாட்டிற்குச் சென்று முழவுக் கலையைக் கற்றார். கிளாஸுக்கோ இந்திய இசை பாரிஸ் நகரில் அறிமுகமாயிற்று. தம் இசையை மினிமலிசம் என்று பிறர் அழைப்பதைக் கிளாஸ் விரும்பவில்லை. மீள்வரும் அமைப்புகளைக் கொண்ட இசை என்று கூறுவதே பொருத்தம் என்பது அவர்தம் கருத்து. குறைத்தல் இவரது இசையின் நோக்கமன்று. மீள வருதலே அதன் உயிர்நிலை. இக்கருத்தை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

3. இளமையும் கல்வியும்

பிலிப் கிளாஸ் 1937ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் இசைத்தட்டுக் கடை நடத்தியவர், தாயார் நூலகர். இளமையில் அந்நகரின் பீபாடி இசைக் கல்லூரியில் புல்லாங்குழல் பயின்றார். பதினைந்தாம் வயதிலேயே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் மெய்யியலும் கற்று, 1956இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் இசையமைப்புப் பயின்றார். 1964 முதல் 1966 வரை பாரிஸில் புகழ்பெற்ற ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் ஐரோப்பிய இசையிலக்கணத்தைக் கடும் பயிற்சியாகக் கற்றார்.

பாரிஸில் வாழ்ந்த அக்காலத்தில்தான் அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. ‘சப்பாகுவா’ என்னும் திரைப்படத்திற்குப் பண்டிட் ரவிசங்கர் இசையமைத்தார். அவர் உருவாக்கிய இசையை ஐரோப்பியக் கலைஞர்கள் வாசிக்கும் வண்ணம் மேலைச் சுரக்குறியீட்டில் எழுதித் தரும் பணி கிளாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலைக் குறியீட்டின் வழக்கப்படி அவர் இசையை அளவுக் கோடுகளால் பகுத்து எழுதினார். ஒவ்வொரு கோட்டையும் அடுத்துவரும் சுரத்தின் மீது வேண்டாத அழுத்தம் விழுந்தது. உடனிருந்த தபலாக் கலைஞர் அல்லா ரக்கா அதை ஏற்கவில்லை. சுரங்கள் அனைத்தும் சமம் என்று அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். முடிவில் கிளாஸ் கோடுகள் அனைத்தையும் அழித்துவிட்டார். அப்போதுதான் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து பெரும் சுழற்சிகளாக வளர்வதை அவர் கண்டார். பிற்காலத்தில் அவரே பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

பாரிஸ் வாழ்க்கைக்குப் பின் கிளாஸ் இந்தியாவிற்குப் பயணம் செய்தார். அங்குத் திபெத்திய அகதிகளின் தொடர்பு ஏற்பட்டு, பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டார். பிற்பட்ட பயணங்களில் கேரளத்தின் கதகளியையும் நேரில் கண்டார். 1967இல் நியூயார்க் திரும்பி, அடுத்த ஆண்டில் தமக்கென ஓர் இசைக்குழுவை அமைத்தார். அவ்விசையால் வருவாய் கிட்டவில்லை. குழாய்கள் பொருத்தும் வேலையும் வாடகைக் கார் ஓட்டும் வேலையும் செய்தே அவர் குடும்பத்தைக் காத்தார். ராபர்ட் வில்சனுடன் இணைந்து உருவாக்கிய ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’ 1976இல் பிரான்சின் அவிஞோன் விழாவில் அரங்கேறிப் பெரும்புகழ் ஈட்டிய பின்னரும் அவர் சில காலம் கார் ஓட்டினார். கூலி உழைப்பின் நாள்முறையை உடலால் அறிந்தவர் அவர் என்பதைக் குறிப்பிடல் வேண்டும்.

4. கூட்டலும் குறைத்தலும்

கிளாஸ் 1967 முதல் 1974 வரை எழுதிய படைப்புகள் அவரது நெறியைத் தூய வடிவில் காட்டுவன. 1968இல் எழுதிய ‘ஒன்றும் ஒன்றும்’ என்னும் பொருளுடைய ‘1+1’ எனும் படைப்பிற்கு இசைக்கருவியே வேண்டியதில்லை. ஒலிபெருக்கியுடன் இணைத்த மேசைப் பலகையில் ஒருவர் விரலால் தட்டுவார். இரண்டே தாள அலகுகள் உள்ளன. அவற்றை எண் முறையில் கூட்டியும் குறைத்தும் கோவை செய்வதே இசையாகின்றது. அதே காலத்தில் எழுதிய ‘டூ பேஜஸ்’ என்னும் படைப்பு ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு கோவையை எடுத்துக் கொண்டு, அதனைச் சிறுகச் சிறுக நீட்டியும் சுருக்கியும் செல்கின்றது. இவ்வழியில் வளர்ந்த முயற்சிகள் 1974இல் நிறைவுற்ற ‘பன்னிரு பகுதிகளில் இசை’ என்னும் நெடும்படைப்பில் முழுமை பெற்றன.

தமிழிசை, கருநாடக இசை ஆகியவற்றின் இலக்கணம் அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. தாளப் பிராணங்கள் பத்தனுள் ஒன்றாகிய யதி பலவகைப்படும். சிற்றாறு பேராறாய்ப் பெருகுவது போலச் சொற்கட்டுகள் விரிந்து செல்வது சுரோதோவக யதி. பசுவின் வால்போல் அகன்று தொடங்கிக் குறுகி முடிவது கோபுச்ச யதி. மிருதங்கக் கலைஞர் தனியாவர்த்தனத்தில் இவற்றை நாள்தோறும் கையாள்கின்றனர். கிளாஸ் ‘கூட்டல் முறை’ எனக் கண்டெடுத்தது இவ்வியல்பையே எனக் கருத இடமுண்டு.

ஆயினும் வேறுபாட்டையும் காட்டுதல் கடன். நம் மரபில் கூட்டலும் குறைத்தலும் ஆவர்த்தனம் என்னும் மாறாச் சுழற்சிக்குள் நிகழ்வன. எவ்வளவு விரிந்தாலும் முடிவில் இடத்திற்கு வந்து சேர்தலே கலைஞனின் திறன். கிளாஸின் தொடக்ககாலப் படைப்புகளில் அத்தகைய நிலையான ஆவர்த்தனம் இல்லை; கோவை வளர வளரச் சுழற்சியின் அளவும் மாறிவிடுகின்றது. அவர் இந்திய இசையை முழுமையாகக் கற்று அதனைப் பெயர்த்தெழுதினார் என்பதினும், சிறு காலத் தொடர்பில் கண்ட ஓர் உண்மையைத் தம் வழியில் வளர்த்தெடுத்தார் என்பதே பொருந்தும். 1990இல் ரவிசங்கரும் கிளாஸும் இணைந்து ‘பாஸேஜஸ்’ என்னும் இசைத்தொகுப்பினை வெளியிட்டனர். ஒருவர் தந்த இசைக்கருவை மற்றவர் வளர்த்தெடுக்கும் அத்தொகுப்பு, இருவர்க்கும் இடையே நிலவிய மதிப்பிற்குச் சான்றாகும்.

5. ‘சத்தியாகிரகம்’ உருவான வரலாறு

இந்தியப் பயணமொன்றில் காந்தியடிகளின் 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரைக் காட்டும் பழைய செய்திப்படத் துண்டொன்றைக் கிளாஸ் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் இசை நாடகமொன்றை இயற்றித் தருமாறு கேட்டபோது அவர் காந்தியடிகளையே பொருளாகத் தேர்ந்தார். ஆயினும் தண்டி யாத்திரையை அவர் எடுத்துக் கொள்ளவில்லை. காந்தி காந்தியாக உருவான தென்னாப்பிரிக்க ஆண்டுகளையே, அதாவது 1893 முதல் 1914 வரையிலான காலத்தையே தேர்ந்தார். இத்தேர்வின் காரணமாகவே தமிழர் வரலாறு இந்நாடகத்தினுள் இடம்பெறலாயிற்று.

நாடக வாசகத்தைக் கான்ஸ்டன்ஸ் டி ஜாங் என்னும் எழுத்தாளர் கிளாஸுடன் இணைந்து பகவத்கீதையிலிருந்து தொகுத்தார். அரங்கேற்றம் 1980ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ராட்டர்டாமில் நிகழ்ந்தது. மூன்று அங்கங்கள் கொண்ட இந்நாடகத்தில் ஒவ்வோர் அங்கத்திற்கும் பேசாச் சான்றாளர் ஒருவர் உளர். முதல் அங்கத்திற்கு டால்ஸ்டாய், இரண்டாம் அங்கத்திற்குத் தாகூர், மூன்றாம் அங்கத்திற்கு மார்ட்டின் லூதர் கிங். அறப்போரின் நேற்று, இன்று, நாளை என்னும் முக்காலத்தையும் அவர்கள் குறிக்கின்றனர். முதற் காட்சி குருச்சேத்திரப் போர்க்களத்தில் தொடங்குகின்றது. தொடர்ந்து டால்ஸ்டாய் பண்ணை, 1906ஆம் ஆண்டுச் சூளுரை, டர்பன் நகரில் காந்தி தாக்கப்பட்டமை, ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ்ப்பணி, பதிவுச் சான்றுகளைத் தீயிலிட்டமை ஆகியவை காலவரிசை பிறழ்ந்து அமைகின்றன. இறுதி அங்கம் முழுவதும் நியூகாசல் நடைப்பயணமே.

இசைக்கருவிகளின் தேர்வும் கருதத்தக்கது. நரம்புக் கருவிகள், மரத்துளைக் கருவிகள், ஆர்கன் ஆகியவை மட்டுமே ஒலிக்கின்றன. எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகளுக்கும் முழவுக் கருவிகளுக்கும் இதில் இடமில்லை. போர்க்களத்தில் தொடங்கும் நாடகத்தில் போர்முரசும் போர்க்கொம்பும் விலக்கப்பட்டுள்ளன. அறப்போர் என்னும் கருத்தை இசையமைப்பாளர் கருவிகளின் தெரிவிலேயே உணர்த்திவிடுகின்றார் எனலாம்.

6. வரலாற்றில் தமிழர் பங்கு

மேடையில் காணும் காட்சிகளுக்குப் பின்னுள்ள வரலாற்றை இனி நோக்குவோம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை 152,184 ஒப்பந்தத் தொழிலாளர் அங்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். மலாயாவிற்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் முறை 1910இல் முடிவுற்றதையும், அதன்பின் கங்காணி முறை 1938 வரை நீடித்ததையும் நாம் அறிவோம். ஒரே மாவட்டங்களின் வறுமை ஒருவரை டர்பனுக்கும் மற்றொருவரைப் பினாங்கிற்கும் அனுப்பியது. எந்தக் கப்பலில் ஏறினர் என்பதே அவர்தம் பேரர்களின் நாட்டைத் தீர்மானித்தது.

1894இல் டர்பனில் முதலாளியால் அடிக்கப்பட்டு முன்பற்கள் உடைந்த நிலையில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி காந்தியிடம் வந்தார். தலைப்பாகையைக் கையில் ஏந்தி நின்ற அவரை அதனை அணிந்துகொள்ளுமாறு காந்தி வேண்டினார். ஒப்பந்தத் தொழிலாளரோடு காந்திக்கு ஏற்பட்ட நெருக்கத்தின் தொடக்கம் அதுவே. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்க விரும்புவோர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்னும் சட்டம் 1895இல் இயற்றப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே வரி உண்டு. மீண்டும் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடத்தல் அல்லது தாயகம் திரும்புதல் என்னும் இரண்டினுள் ஒன்றைத் தேர்வதற்கான நெருக்குதலே இவ்வரி.

டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டத்திற்கு எதிரான போரில் தமிழர் முன்னணியில் நின்றனர். மொரீசியசில் பிறந்து ஜொகனஸ்பர்க்கில் தமிழர் நலச் சங்கத்திற்குத் தலைமையேற்ற தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். சிறையில் குளிரில் வாடிய இளைஞர் நாகப்பன் 1909 ஜூலை 6ஆம் நாள் இறந்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த நாராயணசாமி, கரையிறங்க இசைவு மறுக்கப்பட்ட நிலையில் 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார்.

1913 மார்ச்சில் கேப் மாநில நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறித்தவ முறையில் நடைபெறாத திருமணங்களைச் சட்டத்தின் முன் செல்லாதனவாக்கியது. அதுவரை இல்லறத்தளவில் நின்ற பெண்கள் களம் புகுந்தனர். டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் பதினொருவர் எல்லை கடந்து நேட்டாலுக்குள் நுழைந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு சென்றவர்கள். தம்பி நாயுடு உடன் சென்றார். நியூகாசலில் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர் தம் சிறு வீட்டில் அவர்களுக்கு இடமளித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சென்று மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்து, அவர்களை வேலை நிறுத்தத்திற்குத் தூண்டியவர்கள் இப்பெண்களே. அதன் விளைவாக அவர்கள் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றனர்.

1913 நவம்பர் 6ஆம் நாள் காலை, சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை நோக்கி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 சிறுவர்கள் நடந்தனர் என்று காந்தி பதிவு செய்துள்ளார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும் மட்டுமே உணவு. சில நாள்களில் காந்தி சிறைப்பட்டார்; நடந்தவர்கள் இரயிலில் ஏற்றப்பட்டுச் சுரங்கங்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் வேலை நிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914இல் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கி, திருமணங்களையும் ஏற்றது. அவ்வெற்றிக்கு முன்னரே, சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறாம் வயதில் மறைந்தார்.

7. மேடையில் தமிழர் இடம்

இவ்வரலாற்றோடு நாடகத்தின் கதைமாந்தர் பட்டியலை ஒப்பிடுவோம். காந்தி, கஸ்தூர்பா, செயலர் சோன்யா ஷ்லேசின், டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் தந்த காலன்பாக், பார்சி ருஸ்தம்ஜி, டர்பனில் காந்தியைக் காத்த திருமதி அலெக்சாண்டர், கண்ணன், அருச்சுனன் ஆகியோருடன் ‘திருமதி நாயுடு’ என்னும் பெண் பாத்திரம் ஒன்றும் இடம்பெறுகின்றது. தனிப்பெயர் தரப்படாத இப்பாத்திரம் இந்தியத் துணைப்பணியாளர் என்ற அளவிலேயே குறிக்கப்பெறுகின்றது. பதினொரு பெண்களைப் பற்றிக் காந்தி தரும் பட்டியலில் நாயுடு குடும்பத்துப் பெண்கள் மூவர் உளர். தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் அவர்களுள் ஒருவர். மூவரையும், ஒருவகையில் பதினொருவரையும், ஒரே குரலாக்கி மேடை நமக்குத் தருகின்றது. தம்பி நாயுடு, நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை ஆகியோர் தனிப் பாத்திரங்களாக இல்லை. சுரங்கத் தொழிலாளர் அனைவரும் குழுப்பாடகரே.

இனி மொழியை நோக்குவோம். நாடகம் முழுவதும் வடமொழியிலேயே பாடப்பெறுகின்றது. காந்தி கீதையைத் தம் வாழ்வின் வழிகாட்டியாகக் கொண்டமையும், பாடும் சொல்லும் மேடை நிகழ்வும் ஒன்றையொன்று விளக்காமல் இணையாகச் செல்ல வேண்டும் என்னும் கலைநோக்கும் இதற்குக் காரணங்களாகும். கலை நிலையில் இம்முடிவு வலிவுடையது. கேட்போர் சொல்லின் பொருளை விடுத்து ஒலியிலும் செயலிலும் மனம் ஒன்றுகின்றனர். ஆனால் வரலாற்று நிலையில் ஓர் இழப்பும் நேர்கின்றது. நியூகாசல் சாலையில் நடந்தோர் வாயில் ஒலித்த மொழிகளுள் தமிழ் முதன்மையானது. காந்தியும் இதனை உணர்ந்திருந்தார். 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் வெளிவந்தது. தமிழ்ப் போராளிகளுக்கு நன்றிக் கடனாகச் சிறையிலும் அவர் தமிழ் பயின்றார். அவ்விதழ்ப்பணியைக் காட்டும் காட்சி நாடகத்தில் உண்டு. எனினும் அங்கு அச்சான தமிழ் எழுத்து பாடலில் கேட்பதில்லை.

இதனைக் கிளாஸின் புறக்கணிப்பு எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. குஜராத்தியும் ஆங்கிலமும் கூட இந்நாடகத்தில் பாடப்பெறவில்லை. காந்தியின் தாய்மொழிக்கே அங்கு இடமில்லை. மேலும், தனிமாந்தர் பெருமையைக் குறைத்துக் கூட்டத்தின் குரலை உயர்த்துவது இந்நாடகத்தின் இயல்பு. அக்கூட்டத்தின் பெயர்களையும் மொழியையும் எடுத்துரைக்க வேண்டியது இசையமைப்பாளரின் பணியன்று. அது வரலாற்றாசிரியரின் பணி. அப்பணியில் தமிழறிவுலகம் ஆற்றியது போதுமா என்பதே நாம் நம்மை நோக்கிக் கேட்க வேண்டிய வினாவாகும்.

8. ஏறுநிரலின் பொருள்

நாடகத்தின் இறுதிப் பாடல் எளிமைநெறியின் உச்சம் எனலாம். நடந்தவர்கள் யாவரும் சிறைப்பட்டு அகன்றபின் காந்தி தனித்து நின்று பாடுகின்றார். மேடையின் பின்புறம் மார்ட்டின் லூதர் கிங்கின் உருவம் தோன்றுகின்றது. அறம் குன்றும் காலந்தோறும் தோன்றுவேன் எனக் கண்ணன் கூறும் நான்காம் அத்தியாயப் பகுதியே பாடலின் வாசகம். அதன் இசை, எட்டுச் சுரங்கள் கொண்ட ஓர் ஏறுநிரல் மட்டுமே. கீழிருந்து மேலே ஏறும் அந்நிரல் ஏறக்குறைய முப்பது முறை மீள வருகின்றது. அதற்குத் துணையாகும் ஒலிக்கோவைகளே மாறுகின்றன.

நம் இசையிலக்கணத்தில் வைத்து நோக்கின், அந்நிரலின் இடைவெளிகள் தோடி மேளத்தின் ஆரோசையை ஒத்துள்ளன. பழந்தமிழிசை ஆய்வாளர்கள் இதனை விளரிப்பாலையோடு பொருத்துவர். இது கிளாஸ் தமிழிசையிலிருந்து பெற்றது அன்று. ஐரோப்பியப் பழைய நிரலொன்றும் நம் பாலையும் ஒரே சுர இடைவெளிகளில் சந்திக்கின்றன என்பதே உண்மை. மேலும் தோடிக்குரிய கமகங்கள் ஏதும் அங்கு இல்லை.

அந்நிரல் ஏன் இறங்குவதில்லை என்பது நம் கருத்தைக் கவர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது உச்சியை அடைகின்றது. உடனே மீண்டும் அடியிலிருந்து தொடங்குகின்றது. அமரோசை இல்லை. நியூகாசல் தொழிலாளரின் போராட்டமும் அவ்வாறே அமைந்தது. அவர்கள் எல்லை வரை நடந்தனர், திருப்பி அனுப்பப்பட்டனர், மற்றவர்கள் தொடங்கினர். வெற்றி ஒரே வீறார்ந்த செயலால் கிட்டவில்லை. மீண்டும் மீண்டும் செய்த சிறு மறுப்புகளின் கூட்டலால் கிட்டியது. கூட்டல் முறையைக் கண்டெடுத்த இசையமைப்பாளர்க்கு இதனினும் ஏற்ற பொருள் வாய்த்திருக்க இயலாது.

இப்பாடல் அரங்கிற்கு வெளியேயும் ஒலித்தது. 2011ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் இந்நாடகம் நடைபெற்றது. டிசம்பர் 1ஆம் நாள் அவ்வரங்கின் வெளியே பொருளியல் ஏற்றத்தாழ்வை எதிர்த்து நின்ற மக்களிடையே கிளாஸ் வந்தார். நாடகத்தின் இறுதி வரிகளின் ஆங்கிலப் பொருளை அவர் கூற, கூட்டத்தார் ஒவ்வொரு தொடரையும் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். மீளச் சொல்லுதல் என்னும் இசை நெறி அன்று மக்கள் வாய்மொழியாயிற்று.

9. முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் சில முடிவுகளுக்கு வரலாம். கிளாஸின் எளிமைநெறி உருவாவதில் இந்தியத் தாள முறைக்கு உறுதியான பங்குண்டு; எனினும் அவர் அதனைத் தம் வழியில் மாற்றியமைத்தார். ‘சத்தியாகிரகம்’ உலக மேடையில் தென்னாப்பிரிக்க இந்தியர் போராட்டத்தை நிலைபெறச் செய்த படைப்பு. அப்போராட்டத்தின் பெருஞ்சுமையைத் தாங்கிய தமிழர் அங்குப் பெயரற்ற குழுக்குரலாகவும், ‘திருமதி நாயுடு’ என்னும் ஒரே பெயராகவும் நிற்கின்றனர்.

பெக்கான் நானாஸில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பாட்டில் தமிழ் இல்லை. பாட்டிற்குப் பொருளான நடையில் தமிழ் உண்டு. விடியற்காலைப் பெரட்டிற்கு நின்று, நாள்தோறும் அதே நிரையில் அதே மரங்களை வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறையின் வழிவந்த மாணவர்க்கு, மீளச் செய்தல் என்பதன் பொருளை எளிதில் விளக்கலாம். வள்ளியம்மையைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர், அவ்விறுதிப் பாடலைச் சில நிமிடங்கள் வகுப்பில் ஒலிக்கச் செய்து, பதினொரு பெண்களின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவாராயின், மேடை விட்டுவைத்த இடம் ஓரளவு நிரம்பும். நம் தோட்டப்புற மக்களின் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் இன்னும் முதியோர் நினைவில் எஞ்சியுள்ளன. அவற்றைப் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்வதும் இப்பணியின் தொடர்ச்சியே. பிற்காலத்தில் ஓர் இசையமைப்பாளர் மலாயாத் தமிழர் வாழ்வைப் பாட முன்வருவாராயின், அவர் கையில் பெயர்களும் சொற்களும் இருத்தல் வேண்டும். அவற்றைத் திரட்டி வைத்தல் நம் கடமையாகும்.